சிங்கிப் பெட்டியில் போன கண்

இராமேசுவரத்தில் கூடிய உலக விஞ்ஞானிகள் அத்தனை பேரையும் ஒரு கைப்பிடி உப்பைக் கொண்டு வாயடைக்க வைத்தவள் பாம்பன் அற்புதம்மாள். உலக விஞ்ஞானிகள் என்பது கொஞ்சம் ஏற்றிச் சொன்னதுதான். வந்திருந்த தொண்ணூறு பேரில் வெளிநாட்டுக்காரர் ஒரே ஒருவர். அவரும் முதல் நாள் சாப்பிட்ட நண்டுக் குழம்பு ஒத்துக்கொள்ளாமல் அறையிலேயே படுத்துவிட்டார். வாயடைத்தது என்பதிலும் கொஞ்சம் காற்றடித்திருக்கிறது. முன்வரிசையில் ஒருவர் கடைசிவரை சமோசா மென்றுகொண்டுதான் இருந்தார். உப்பு ஒரு கைப்பிடி என்பதில் மட்டும் ஒரு கல்லைக்கூடக் கூட்டவில்லை.

உப்பு இருக்கட்டும். முதலில் அற்புதம்மாள்.

அவள் பாம்பனில் கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா, பள்ளிக்கூடம் அவளை விட்டதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. எழுபதுகளின் கடைசியில், பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கடல்பாசி எடுத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதில் செபஸ்தியானுக்கு வாழ்க்கைப்பட்டாள். செபஸ்தியான் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். நல்ல உழைப்பாளி; யாருக்கும் தீங்கு நினைக்காதவர். ஒரே ஒரு குறை, தனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. வானொலி பழுது பார்ப்பவனுக்கே வானொலி சொல்லிக்கொடுப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாம்பனில் சிங்கிக் கம்பெனி ஒன்று வந்தது. சிங்கி என்பது முழங்கை நீளத்துக்கு மீசை வைத்த பெரிய இறால். செத்த சிங்கிக்கு ஒரு மதிப்பு, உயிரோடு இருக்கும் சிங்கிக்கு அதைப்போல நாலு மடங்கு. உயிரோடு பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றினால், எந்த ஊரிலோ ஒரு சமையல்கட்டில் இறங்கும்போது அது மீசையை ஆட்ட வேண்டும். அப்படி அடைக்கிற வேலைக்குப் பதினைந்து பெண்கள் சேர்ந்தார்கள். ஆறே மாதத்தில் அவர்களில் அற்புதம்மாள்தான் தலைவி என்று ஆகிவிட்டது. யாரும் நியமிக்கவில்லை. அவள் அடைத்த பெட்டியில் சாவு விழாது, அவ்வளவுதான்.

அதன் சூட்சுமம் கேட்டால் எளிது. சிங்கியை முதலில் குளிர்ந்த கடல்தண்ணீரில் விட்டு மெல்ல மெல்ல உறக்கத்தில் ஆழ்த்த வேண்டும். உறங்கியதும் குளிர்ந்த மரத்தூளில் புதைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் இருக்கும், ஆனால் உடம்பில் படக்கூடாது. தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, நாலு சுற்று செய்தித்தாளில் சுருட்டி, மூலைக்கு ஒன்றாக நிறுத்துவார்கள். சூடு ஏறினால் சிங்கி விழித்துக்கொண்டு மூச்சுத் திணறிச் சாகும். குளிர் மிஞ்சினால் விழிக்காமலே சாகும். உறங்குகிற சிங்கியும் செத்த சிங்கியும் பார்வைக்கு ஒன்றுதான். அற்புதம்மாள் கண்காம்பில் ஒரு விரல் வைத்துச் சொல்லிவிடுவாள். மீசை ஒடிந்திருந்தால் முதல் ரகம் கிடையாது, தனியே ஒதுக்கிவிடுவாள். பதினைந்து வருடமாக இதில் அவள் தவறியதில்லை.

இரண்டாயிரத்து ஆறில் கோயில் திருவிழாவுக்கு வெள்ளையடிக்க ஆள் கூடினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பீப்பாயில் கொட்டித் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது தள்ளி நிற்க வேண்டும். செபஸ்தியான் குனிந்து நின்று, "தண்ணி பத்தாதுலே, இன்னும் ஊத்து" என்று அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பீப்பாய் கொதித்து வெடித்துத் தெறித்தது. வலது கண்.

கண்ணைக் கழுவினார்கள், மருந்து போட்டார்கள். புண் ஆறியது, பார்வை ஆறவில்லை. கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு திரை படர்ந்து நின்றுவிட்டது. ஒற்றைக் கண்ணோடு கடலுக்குப் போய், அடுத்த வள்ளம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு முறை மோதியபின், கூட வருகிறவர்களே அவரை மரியாதையாகக் கரையில் இறக்கிவிட்டார்கள். வலை பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசுவது குறைந்தது. அதுதான் அற்புதம்மாளைப் பயமுறுத்தியது.

இராமநாதபுரத்துக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் அகமது கபீர் என்று ஒருவர். அவர்தான் புதிய வழி ஒன்றைச் சொன்னார். கருவிழியின் ஓரத்தில், கண்ணுக்குத் தோல் முளைப்பித்துக்கொண்டே இருக்கும் விதை போன்ற உயிரணுக்கள் உண்டு. சுண்ணாம்பு அவற்றை எரித்துவிட்டது. நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து எள்ளளவு எடுத்துச் சென்னை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அங்கே அதை நாற்றுப்போலப் பெருக்கிப் பயிர்போலப் பரப்பி, கெட்ட கண்ணில் நட்டுவிடலாம்.

"எள்ளளவு போதுமா டாக்டரய்யா?" என்று அற்புதம்மாள் கேட்டாள்.

"போதும்மா. ஆனா உயிரோட போய்ச் சேரணும். நல்ல கண்ணுல திரும்பத் திரும்ப வெட்ட முடியாது. ஒருதடவை. மிஞ்சிப்போனா ரெண்டு."

சிறிய ஊர்களில் எடுக்கிற திசு நெடுந்தூரம் பயணம் செய்து பிழைக்குமா என்று பார்ப்பதும் அந்த ஆய்வில் ஒரு பகுதி. இராமநாதபுரத்திலிருந்து முதலில் போனது செபஸ்தியானுடையது. 2007 ஆவணியில் எடுத்தார்கள். ரோஸ் நிறத் தண்ணீர் நிரப்பிய சுண்டுவிரல் அளவுக் குப்பியில் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் குளிர்பைகளுக்கு நடுவே வைத்து, ஆஸ்பத்திரி வேனில் ஏற்றினார்கள். திருப்புல்லாணிக்காரரான தவசி என்ற டிரைவர் கொண்டுபோனார். நாலாம் நாள் சேதி வந்தது. எள் முளைக்கவில்லை. உயிரில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்து உப்பூர்க்காரர் ஒருவருடையது போனது, அதுவும் அப்படியே. மூன்றாவது, புதுமடத்து ஆள் ஒருவருடையது. அதுவும் இல்லை.

இந்த நிலையில்தான் 2008 மாசியில், மரபணு மற்றும் உயிரணு சிகிச்சை ஆய்வுக் கருத்தரங்கு என்று இரண்டு நாள் கூட்டம் இராமேசுவரத்து ஓட்டல் ஒன்றின் மாடி மண்டபத்தில் கூடியது. சென்னையிலிருந்து பேராசிரியை சோலையம்மாள் வந்திருந்தார். ஆய்வுக்கூடத்துக்குத் தலைவி அவர்தான். சுண்ணாம்புக் கண்ணை மற்ற டாக்டர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதால் செபஸ்தியானை வரச் சொல்லியிருந்தார் கபீர். அற்புதம்மாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மரத்தூள் வாசனையோடு கூடவே போனாள்.

காலையில் பேசியவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கபீர் அவ்வப்போது தமிழில் சொன்னார். ஒருவர் மரபணுவைப் பற்றிப் பேசினார். நோய்க் கிருமி ஒன்றைப் பிடித்து, அதன் கெடுதலையெல்லாம் உருவி எறிந்துவிட்டு, நல்ல மரபணுவை அதன்மேல் ஏற்றி உடம்புக்குள் அனுப்புகிறார்களாம். உடம்பின் பூட்டுகளைத் திறக்கத் தெரிந்தது அந்தக் கிருமிக்குத்தானாம்.

"வெளங்கிருச்சு," என்றாள் அற்புதம்மாள். "கள்ளக்கடத்தல் போட்டைப் பிடிச்சு, தபால் போட்டா மாத்திருக்காக. வழி அவனுக்குத்தான தெரியும்."

கபீர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மேடையிலிருந்தவர் தன் ஆங்கிலத்தில் ஏதோ பிழை என்று நினைத்து அதே வரியை மறுபடி சொன்னார்.

செபஸ்தியான் சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதப்போகும் பிள்ளையைப்போல உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குமேல் சோலையம்மாள் பேசுவார், அதில் இராமநாதபுரத்தின் தலையெழுத்து இருக்கிறது என்று கபீர் முன்பே சொல்லியிருந்தார். மூன்றுக்கு மூன்றும் செத்துப்போன இடத்திலிருந்து நான்காவது ஒன்றை எடுக்க யார் சம்மதிப்பார்கள்? இங்கே நிறுத்திவிட்டால் சென்னைக்கே போய்த்தான் எடுக்க வேண்டும். அதற்கு அங்கே பேர் பதிந்து காத்திருப்பவர்கள் இரண்டு வருட வரிசையில் இருந்தார்கள். அதுவரை சுண்ணாம்பு எரித்த கண் தாங்காது என்பதும் கபீர் சொன்னதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே இறங்கினார்கள். அற்புதம்மாள் மட்டும் மண்டபத்தின் ஓரத்து மேசைகளைச் சுற்றிப் பார்த்தாள். ஆய்வின் படங்கள், காகிதங்கள், குப்பிகள். ஒரு மேசையில் தெர்மாகோல் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஊர் ஊராகப் பயணம் போய் வந்த பெட்டிகளையே கொண்டுவந்து காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஒன்றின் மேல் ‘இராமநாதபுரம் - 1’ என்று ஒட்டியிருந்தது.

அவள் வீட்டுக்காரர் கண் போன பெட்டி.

பெட்டி என்றால் அவளுக்குக் கை நிற்காது. மூடியைத் திறந்தாள். உள்ளே விரலால் மூலைகளைத் தடவினாள். இணைப்பு ஓரங்களில் வெள்ளையாக, நரநரவென்று ஏதோ காய்ந்து படிந்திருந்தது. விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது.

"அம்மா! அது லேப் பெட்டி! வாயில வைக்கக் கூடாது!" பின்னாலிருந்து குரல். கையில் மோர் தம்ளரோடு பேராசிரியை சோலையம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் செய்யாது டாக்டரம்மா," என்று சொல்லி அற்புதம்மாள் மூடியைத் திரும்பப் போட்டாள். மற்ற ஊர்ப் பெட்டிகளையும் அவர் எதிரிலேயே திறந்து ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தாள். அவை சுத்தமாக இருந்தன. இராமநாதபுரத்துப் பெட்டிகள் மூன்றிலும் மட்டும் அந்த வெள்ளை.

"இந்தப் பெட்டிக வந்து சேரும்போது எப்பிடி இருந்துச்சுங்க?"

"உள்ள கொஞ்சம் தண்ணி நின்னுச்சு. ஐஸ் உருகின தண்ணினு எழுதி வச்சிருக்காங்க. வெப்பம் அஞ்சு டிகிரி, சரியாத்தான் இருந்துச்சு. எட்டுக்கு மேல ஏறக்கூடாது, ரெண்டுக்குக் கீழ இறங்கக்கூடாது. எல்லாம் சரி. உயிர்தான் இல்ல," என்றார் சோலையம்மாள். பேச்சுக்குக் குறிப்பு எழுத வேண்டும் என்று போய்விட்டார்.

வந்து சேரும்போது ஐந்து. புறப்படும்போது?

அற்புதம்மாள் படியிறங்கிப் போனாள். சாப்பாட்டுக் கூடத்தில் செபஸ்தியானுக்கு, ஆஸ்பத்திரி வேனை ஓட்டிவந்த தவசி பரிமாறிக்கொண்டிருந்தார். கணவரின் சட்டையைப் பிடித்துத் தூண் மறைவுக்கு இழுத்தாள்.

"இங்க பாருங்க. அன்னைக்கி ஆஸ்பத்திரியில நான் மருந்துச் சீட்டோட வரிசையில நின்னேன்ல. அந்த நேரத்துல பெட்டிய என்ன செஞ்சீக?"

"எந்தப் பெட்டிய?"

"உங்க கண்ணு போன பெட்டிய."

செபஸ்தியான் தொண்டையைச் செருமினார். "அது ஒண்ணுமில்ல. பெட்டிய உள்ளாரத் தடவிப் பாத்தேன். பேருக்கு நாலு பை வச்சிருந்தாக. சென்னைக்குப் போகணும், பதினோரு மணி நேரம். மதுரை தாண்டுறதுக்குள்ள ஒண்ணுமில்லாமப் போயிரும். தவசிகிட்டச் சொல்லி மீன் மார்க்கெட்டுக்கு வண்டிய விட்டு..."

"விட்டு?"

"நொறுக்குன ஐஸ் ஒரு கூடை போட்டோம்."

"ஐஸ் மட்டுமா?"

தூரக் கடலுக்கு மீன் பிடிக்கப் போய் ஐஸ் போட்டவர்கள் யாரும் ஐஸை மட்டும் போடுவதில்லை. தூரம் போகிற பெட்டிக்கு ஐஸோடு கல்லுப்பையும் அள்ளிப் போட வேண்டும். போட்டால் குளிர் கூடும், மீன் கல்லாக இறுகி நிற்கும். சென்னை போகிற பெட்டிக்கு ஒரு கைப்பிடி தாராளமாகப் போடலாம்.

"நல்லா இருக்கட்டும்னுதான் அற்புதம் போட்டேன்," என்றார் செபஸ்தியான். அன்றைக்கு அவருக்கு நல்ல கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தது. இரண்டு கண்ணும் தெரியாமல், கையால் துழாவித் துழாவி, தன் கண்ணுக்குத் தானே உப்புப் போட்டிருக்கிறார்.

"மத்த ரெண்டு பெட்டிக்கும்?"

தவசி சாம்பார் வாளியோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தார். "மதினி, அண்ணன் செஞ்சதப் பாத்து, அப்பிடித்தான் அனுப்பணும் போலன்னு நெனச்சேன். எனக்கென்ன தெரியும், நாங்க வெள்ளாமைக்காரங்க. ஒவ்வொரு தடவையும் மார்க்கெட்டுல நிறுத்தி, மறக்காம உப்புப் போட்டுத்தான் கொண்டுபோனேன்." மறக்காமல் என்ற சொல்லை அவர் சற்றுப் பெருமையாகவே சொன்னார்.

அற்புதம்மாளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த மனிதருக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லிராத," என்றார் மெதுவாக. "பெட்டியப் பிரிச்சவன்னு தெரிஞ்சா என்னைய ஆராய்ச்சியில இருந்தே கழிச்சுருவாக. உப்பூர்க்காரர் மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

"சொல்லலைன்னா மட்டும் எடுக்கவா போறாக? இன்னைக்கிக் கடையச் சாத்தப்போறாக."

அவள் அதற்குமேல் நிற்கவில்லை. சமையற்கட்டுக்குப் போனாள். எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று கேட்டு வாங்கினாள். பழச்சாறுக்கு வைத்திருந்த ஐஸை உடைத்து அதில் நிரப்பினாள். கல்லுப்பு ஒரு கைப்பிடி. காட்சி மேசையில் இருந்த காலிக் குப்பிகளில் ஒன்றை, கேட்டுக்கொண்டுதான், எடுத்துத் தண்ணீர் ஊற்றி மூடி ஐஸுக்குள் செருகினாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, சோலையம்மாள் பேசி முடிக்கிறவரை தூக்குவாளியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். கரகரவென்ற சத்தத்துக்கு இரண்டு மூன்று தலைகள் திரும்பின. அவள் கவலைப்படவில்லை.

திரையில் கட்டங்கள் வந்தன. மற்ற ஊர்களிலிருந்து போன பதினொன்றில் ஒன்பது பிழைத்திருந்தன. இராமநாதபுரம் மூன்றில் பூஜ்யம். தூரம் என்றார் ஒருவர். வெயில் என்றார் இன்னொருவர். கடல் காற்றின் ஈரமாக இருக்கலாம் என்றார் கண்ணாடி போட்ட ஒருவர். கடைசியில் சோலையம்மாள் சொன்னார்: "காரணம் தெரியாமல் நோயாளிகளின் நல்ல கண்ணை வெட்டிக்கொண்டிருக்க முடியாது. இந்த மையத்தை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. கேள்விகள் உண்டா?"

கபீர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அற்புதம்மாள் எழுந்துவிட்டாள். தூக்குவாளியோடு நடுவழியில் நடந்துபோய், மேடை மேசைமேல் வைத்தாள். குப்பியை உருவினாள். மேசையில் தட்டினாள். டக்கென்று கல் விழுந்த சத்தம் கேட்டது.

"பச்சத் தண்ணி. வெறும் உப்பும் ஐஸும். நீங்க பேசுற நேரத்துக்குள்ள இப்பிடி ஆயிருச்சு," என்றாள். "எங்க ஊருல மீனு தூரம் போகணும்னா உப்பு ஐஸ் போடுவோம். மீனு செத்தது. செத்தத என்ன குளிருல வச்சாலும் மறுபடி சாகாது. ஆனா நான் சிங்கி அடைக்கிறவ. உசுரோட போறதுக்கு உப்பு ஐஸ் பட்டா அம்புட்டுத்தான். டாக்டரம்மா, நீங்க கேக்குறது செத்த மீனா, உசுருள்ள சிங்கியா?"

கபீர் மொழிபெயர்க்க மறந்துபோய் நின்றார். சோலையம்மாளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. குப்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு காட்சி மேசைக்குப் போனார். முதல் பெட்டியைத் திறந்து, மூலையைத் தடவி, தொண்ணூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கத் தன் விரலை நாக்கில் வைத்தார்.

"உப்பு யார் போட்டது?"

அற்புதம்மாள் தரையைப் பார்த்தாள். மண்டபத்தின் நடுவில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. செபஸ்தியான் எழுந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தாம்மா. தெரியாமப் போட்டேன்." நாற்பத்தாறு வயதில் அவர் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று பாம்பனில் சொல்வார்கள்.

"மத்த ரெண்டும் நான் போட்டதுங்க," என்று வாசலிலிருந்து தவசி குரல் கொடுத்தார்.

திட்டு விழும் என்று இருவரும் நின்றார்கள். சோலையம்மாள் மேசையில் கையூன்றிக்கொண்டார். பிறகு, "பெட்டிய ஒட்டி அனுப்பினா போதும்னு நெனச்சது எங்க தப்பு," என்றார். "உள்ள இருக்கிறது உயிருள்ளதுன்னு கொண்டுபோறவங்ககிட்ட யாரும் சொல்லல. கபீர், இவருக்கு இன்னொரு தடவை எடுக்க முடியுமா?"

"முடியும் மேடம். ஆனா அதுதான் கடைசி. அதுக்கு மேல அந்தக் கண்ணுல நான் கைவைக்க மாட்டேன்."

"அப்ப இந்தத் தடவை பெட்டியக் கட்டுறது யாரு?"

எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

பங்குனியில் ஒரு விடிகாலை. ஆஸ்பத்திரியில் எள்ளளவு எடுத்தார்கள். அற்புதம்மாள் பெட்டியோடு தயாராக நின்றாள். மரத்தூள் வேண்டும் என்றாள். ஆய்வுக்கூடத்தில் மரத்தூள் ஆகாது என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். சுத்தமான பஞ்சுக்கு ஒப்புக்கொண்டாள். குளிர்பைகளை ஒவ்வொன்றாக நாலு சுற்றுத் தாளில் சுருட்டி மூலைகளில் நிறுத்தினாள். குப்பி நடுவில், எதன்மேலும் படாமல். சோலையம்மாள் கொடுத்தனுப்பிய வெப்பமானியின் கம்பியை உள்ளே விட்டாள். மூடி ஒட்டியபின் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்து, "ஆறு இருக்கும்," என்றாள். வெப்பமானி ஐந்தரை காட்டியது. அந்தக் கருவியில் கோளாறு என்று இன்றுவரை சொல்லிவருகிறாள்.

வேனில் தவசிக்குப் பின்னால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கண்ணிலும் கட்டோடு செபஸ்தியான் ஆஸ்பத்திரிப் படியில் நின்று, "வழியில ஒரு எடத்துல நிறுத்திப் பாத்துக்கிட்டா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசாமப் படுங்க. தவசி, வண்டிய எடுங்க. மார்க்கெட்டுப் பக்கம் போகாதீக. சுத்திப் போனாலும் சரி."

பதினோரு மணி நேரம். மதுரையில் வெயில், திருச்சியில் வெயில், விழுப்புரத்தில் மேகம். தவசி இரண்டு முறை டீக்கு நிறுத்தினார், அவள் இறங்கவில்லை. எட்டுக்கு மேல் ஏறும்போல இருந்தால் ஈரத்துண்டால் பெட்டியைப் போர்த்தினாள், இறங்கும்போல இருந்தால் துண்டை எடுத்தாள். சிங்கிக்குச் செய்வதைத்தான் செய்தாள். நடுவில் ஒருமுறை பெட்டியோடு பேசினாள் என்று தவசி சொல்கிறார். ‘உறங்கு, உறங்கு, இன்னும் கொஞ்ச தூரந்தான்’ என்றாளாம். சாயங்காலம் ஆய்வுக்கூட வாசலில் சோலையம்மாளே வந்து வாங்கிக்கொண்டார். ஆறு டிகிரி.

நாலாம் நாள் பாம்பனில் கம்பெனிக்குத் தொலைபேசி வந்தது. மேலாளர் ஓடிவந்து நீட்டினார். கையிலிருந்த சிங்கியைக் கீழே வைக்காமலே வாங்கினாள்.

"அற்புதம்மா, முளைச்சிருக்கு," என்றார் சோலையம்மாள்.

அவள், "சரிங்க டாக்டரம்மா," என்றாள். மாலை வேலை முடிகிறவரை சிங்கி அடைத்தாள். சித்திரையில் நட்டார்கள். திரை மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் வெளிச்சம், பிறகு நிழல்கள், பிறகு விரல்கள். உப்பூர்க்காரருக்கும் புதுமடத்து ஆளுக்கும் மறுபடி எடுத்து அனுப்பினார்கள். இரண்டு பெட்டியும் அவள் கட்டியதுதான், இரண்டும் பிழைத்தன. கண் ஆஸ்பத்திரியில் இப்போது பெட்டிகளின் மேல் கொட்டை எழுத்தில் ‘உயிர் உள்ளது, உப்புப் போடாதீர்கள்’ என்று ஒட்டுகிறார்கள். ஒட்டுகிறவர் தவசி.

செபஸ்தியானின் வலது கண்ணுக்கு முழுப் பார்வை வந்தது அந்த வருடம் ஆவணியில். பாம்பன் பாலத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். கடற்கரையில் ஊரே நின்றிருந்தது. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, பாலத்துக்கு நடுவே போன கப்பலின் பெயரை அவர் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார், கூட்டம் கைதட்டியது, கப்பல்காரன் சங்கு ஊதினான்.

இதுவரை எழுதியதை நான் போன கார்த்திகையில் ஒரு பிற்பகல் சிங்கிக் கம்பெனியின் நிழலில் வைத்து வாசித்தபோது, அற்புதம்மாள் சிரித்துக்கொண்டே கண் பெட்டிக்கான பஞ்சை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வலை முடிந்துகொண்டிருந்த செபஸ்தியான் ஊசியைக் கீழே வைத்தார்.

"கப்பலும் கிடையாது, சங்கும் கிடையாது. அன்னைக்கிப் பாலத்தத் தூக்கவே இல்ல. இவளுக்குச் சோறு கொண்டாந்து, எடது கண்ணப் பொத்திப் பாத்துக்கிட்டு இங்கனதான் நின்னேன். இவ ஒரு சிங்கியத் தூக்கி முதல் ரகத்துல வச்சா. ‘ஏ, அதுக்கு எடப்பக்கத்து மீச ஒடிஞ்சிருக்கு’ன்னேன். இத்தன வருசத்துல இவ கைதவறுனது அது ஒண்ணுதான். தவறாம என்ன செய்யும்? அவ சிங்கியப் பாக்கவே இல்ல. எங் கண்ணையே பாத்துக்கிட்டு நின்னா."